பூஜ்ஜியத்தை எங்கே வைப்பது?

டர்போ எஞ்சினின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்தச் சுழலியின் வரலாற்றைத்தான் எழுதுகிறார்கள். 1905-இல் ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி காப்புரிமை பெற்றார், வீணாகும் புகையைக் கொண்டு காற்றை அமுக்கும் சக்கரம் ஒன்று பிறந்தது, பின்னால் வந்த நல்ல உலோகங்கள் அந்தச் சக்கரத்தைச் சூட்டிலிருந்து காப்பாற்றின என்று கதை போகும். இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு இந்தக் கதையில் பதில் கிடைக்காது. 1962-இலேயே கடையில் வாங்கக் கிடைத்த டர்போ கார், அன்றாடம் ஓட்டக்கூடிய சாதாரண வண்டியாக ஆவதற்கு ஏன் இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன? அந்த இடைவெளியில் சக்கரம் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது அளக்கும் முறை. அளப்பதிலும் கருவியின் கூர்மையைவிட முன்னதாகத் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று இருந்தது: அழுத்தத்தை எந்தப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணத் தொடங்குவது? டர்போ காருக்கு அழுத்த சென்சார் தேர்ந்தெடுப்பது, அதைத் திருத்தி நிலைநிறுத்துவது ஆகிய இரண்டு வேலைகளின் வரலாறும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது என்பது என் வாதம்.

பூஜ்ஜியங்கள் இரண்டு உண்டு. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஐந்தே ஆண்டு இடைவெளியில், பிரான்ஸில் கருவிகளாக உருப்பெற்றன. 1844-இல் லூசியன் விடி காற்றை உறிஞ்சி மூடிய மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். வெளிக்காற்று அழுத்த அழுத்தச் சிமிழ் சப்பையாகும். அதன் அசைவை முள் காட்டும். உள்ளே ஏறக்குறைய வெற்றிடம் என்பதால் அந்தக் கருவியின் பூஜ்ஜியம் வெற்றிடம்தான். 1849-இல் யூஜின் பூர்தோன், தட்டையாக்கி வளைத்த குழாய் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே நீராவியை விட்டால் குழாய் நிமிரும். அதன் வெளிப்பக்கம் இருப்பது நம்மைச் சுற்றியுள்ள காற்று. ஆகவே அங்கே பூஜ்ஜியம் என்பது அன்றைய வெளிக்காற்றின் அழுத்தம். பஞ்சர் கடையில் டயருக்கு 30 பிஎஸ்ஐ என்று சொல்வது இந்த இரண்டாவது கணக்கில்தான். கொதிகலனுக்கும் டயருக்கும் அது போதும், ஏனென்றால் வெடிக்குமா வெடிக்காதா என்பதைத் தீர்மானிப்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு. எஞ்சின் சிலிண்டருக்கோ வெளியில் என்ன அழுத்தம் என்ற கவலை அவ்வளவாக இல்லை. எத்தனை கிராம் காற்று உள்ளே வந்தது என்பதே அதற்குக் கணக்கு. அதை முடிவு செய்வது வெற்றிடத்திலிருந்து எண்ணிய முழு அழுத்தமும் வெப்பநிலையும்.

இந்த உண்மையை முதலில் பாடமாகப் படித்தவர்கள் விமானக்காரர்கள். 1918-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி, கொலராடோவில் சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். தாழ்வான ஊரில் சுமார் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், உச்சியில் 230-க்கு இறங்கியது. டர்போவைப் பூட்டியதும் மறுபடி 350-ஐத் தாண்டியது. இழந்த காற்றை மீட்டுத் தருவதே அன்றைய டர்போவின் வேலை. இழந்தது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் மலையோடு சேர்ந்து மாறாத ஒரு பூஜ்ஜியம் வேண்டும். அதனால் இரண்டாம் உலகப் போரின்போது மூன்று நாடுகளின் விமானிகள் மூன்று விதமான எண்களைப் படித்தாலும், மூவரின் கருவிக்குள்ளும் இருந்தது விடியின் சிமிழ்தான். அமெரிக்கர்கள் பாதரச அங்குலத்தில் முழு அழுத்தத்தை அப்படியே காட்டினார்கள். ஜெர்மானியர்கள் 'ஆட்டா' என்ற அலகில் அதையே செய்தார்கள். பிரிட்டிஷ்காரர்களின் முள் மட்டும் 'பூஸ்ட்' என்ற பெயரில் பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழும் ஆடியது. பார்ப்பவருக்கு அது பூர்தோன் கணக்குப் போலத் தோன்றும். ஆனால் அந்தப் பூஜ்ஜியம் விமானத்துக்கு வெளியே உள்ள காற்று அல்ல. கடல்மட்டத்தின் நிலையான 14.7 பிஎஸ்ஐ. முகப்பில் எண்ணை மட்டும் தள்ளி எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். 1940-இல் 100 ஆக்டேன் பெட்ரோலுடன் ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினுக்கு அனுமதித்த பிளஸ் 12 பவுண்டு என்பது முழுக் கணக்கில் 26.7 பிஎஸ்ஐ, பாதரசத்தில் 54 அங்குலத்துக்குச் சற்று மேல். எந்த உயரத்தில் பறந்தாலும் அந்த எண்ணுக்கு ஒரே பொருள்.

அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பி-17 குண்டுவீச்சு விமானத்தின் நான்கு டர்போக்களையும் முதலில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சீராக்கிகள் கட்டுப்படுத்தின. உயரத்துக் குளிரில் எண்ணெய் உறைந்து அவை மந்தமாகிவிடும். போரின் நடுவில் ஹனிவெல் நிறுவனம் வால்வுக் குழாய்கள் கொண்ட மின்னணுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அழுத்தத்தை ஒரு சிமிழ் உணரும். அந்தச் செய்தி பெருக்கிக்குப் போகும். சிறு மோட்டார் ஒன்று, மிஞ்சிய புகையைச் சக்கரத்துக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டைத் திறந்து மூடும். விமானியின் முன்னால் இருந்தது 0 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரே ஒரு திருகு. இன்றைய காரின் பூஸ்ட் கட்டுப்பாட்டில் உள்ள உறுப்புகள் அத்தனையும் அதில் இருந்தன என்று சொன்னால் மிகையில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் சாலைக் கார் பூர்தோனிடம் திரும்பிப் போனதுதான் விந்தை. 1962-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செவர்லே கோர்வேர் ஸ்பைடரில் வேஸ்ட்கேட்டே கிடையாது. கார்பரேட்டரின் நெருக்கமும் புகைப்போக்கியின் எதிரழுத்தமுமே கடிவாளம். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில் சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் மடங்கான அமுக்க விகிதத்தை 10.25 என்று உயர்த்தி வைத்துவிட்டு, கலவை தானே வெடித்துத் தட்டும் நாக்கிங் வராமல் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். திரவக் குப்பியை நிரப்ப வேண்டிய பொறுப்பு வாங்கியவருடையது. பலரும் நிரப்பவில்லை. தீர்ந்தால் பூஸ்ட்டைக் குறைக்க ஒரு பாதுகாப்பு இருந்தது. ஆனால் குறைந்த திறனோடு ஓடும் வண்டிக்கு யார் நன்றி சொல்வார்கள்? 1965-இல் நிறுவனமே டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்பரேட்டரை இலவசமாகப் பூட்டிக் கொடுத்தது. 1973-இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ 1,672 வண்டிகளோடு நின்றது. எண்ணெய் நெருக்கடியும் அதற்குக் காரணம். அடுத்து போர்ஷே 911 டர்போ, 1978-இல் சாப் 99 டர்போ. பின்னால் வந்த இந்த மூன்றிலும் பூஸ்ட்டின் உச்சத்தைத் தீர்மானித்தது வேஸ்ட்கேட்டின் சுருள்வில். உதரவிதானத்தின் ஒரு பக்கம் பூஸ்ட், மறுபக்கம் வில்லும் வெளிக்காற்றும்.

சுருள்வில் போதாதா, அதை வைத்துக்கொண்டே போர்ஷே பந்தயங்களை வெல்லவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கார் விமானம் அல்ல. பத்து கிலோமீட்டர் உயரம் ஏறாது. வில்லின் விலையும் சொற்பம். ஆனால் வில்லை நம்பியவர்கள் அதற்கு வேறிடத்தில் விலை கொடுத்தார்கள். 2002 டர்போவின் அமுக்க விகிதம் 6.9. முதல் 911 டர்போவினுடையது 6.5. சாப் 99 டர்போவினுடையது 7.2. அதே காலத்துச் சாதாரண பெட்ரோல் கார்களில் இது எட்டரை, ஒன்பது என்று இருந்தது. இந்தத் தாழ்ந்த எண்களை அன்றைய பத்திரிகைகள் டர்போவின் இயல்பான குணமாக எழுதின. என் பார்வையில் இவை அறியாமைக்குக் கட்டிய காப்பீட்டுத் தொகை. எஞ்சினுக்குள் இப்போது எவ்வளவு காற்று இருக்கிறது, எந்தத் தரத்துப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள் என்பது தெரியாதபோது, வடிவமைப்பாளர் மிக மோசமான நாளை மனத்தில் வைத்துத்தான் பிஸ்டனை வடிக்க முடியும். டர்போ விழித்துக்கொள்ளும் முன் அந்தக் கார்கள் சோம்பிக் கிடந்ததற்குச் சக்கரத்தின் எடை பாதிக் காரணம் என்றால் இந்தத் தாழ்ந்த விகிதம் மீதிக் காரணம்.

வெற்றிடப் பூஜ்ஜியம் காருக்குள் வந்தது டர்போவின் வழியாக அல்ல, அமெரிக்காவின் புகைச் சட்டங்களின் வழியாக. 1967-இல் வோக்ஸ்வாகன் 1600 காரில் போஷ் நிறுவனம் பூட்டிய டி-ஜெட்ரானிக் எரிபொருள் தெளிப்பு முறை, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டின் முழு அழுத்தத்தை அளந்து பெட்ரோலின் அளவை முடிவு செய்தது. கைக்கடக்கமான அந்த சென்சாரைத் திறந்தால் உள்ளே விடியின் சிமிழ்கள் இரண்டு இருக்கும். அவை சுருங்கி விரியும்போது ஓர் இரும்புத்துண்டு கம்பிச் சுருளுக்குள் நகரும். சுருளின் மின்தூண்டல் மாறும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் அதற்கேற்ப நீளும், குறுகும். பின்னால் வந்த வடிவங்களில் வெளிக்காற்றைப் பார்த்தபடி ஓர் உதரவிதானமும் சேர்ந்தது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது கலவையைச் செறிவாக்குவது அதன் வேலை. இரண்டு பூஜ்ஜியங்களும் ஒரே டப்பாவுக்குள் குடியிருந்தன. தொழிற்சாலையில் திருகுகளைத் திருப்பிச் சரிசெய்து மேலே பசை ஊற்றி மூடிவிடுவார்கள். பழைய கார்களைப் பராமரிப்பவர்கள் இன்றும் அந்தப் பசையைச் சுரண்டிவிட்டு, கைப்பம்பால் வெற்றிடம் கொடுத்து, ஒவ்வோர் அழுத்தத்திலும் மின்தூண்டலை அளந்து மறுபடி சரிசெய்கிறார்கள்.

அந்தச் சிமிழைச் சிறுக வைத்தது சிலிக்கன். 1954-இல் பெல் ஆய்வகத்தின் சி. எஸ். ஸ்மித், சிலிக்கனும் ஜெர்மேனியமும் வளையும்போது அவற்றின் மின்தடை பெருமளவு மாறுவதை வெளியிட்டார். உலோகக் கம்பியில் இந்த உணர்வுக் காரணி சுமார் 2. சிலிக்கனில் அது 100-ஐயும் தாண்டும். சிலிக்கன் தகட்டைக் குடைந்து மெல்லிய சவ்வாக்கி, அதன் மறுபக்கத்தில் வெற்றிடத்தை அடைத்து மூடினால் விடியின் சிமிழ் நகக்கண் அளவுக்குள் வந்துவிடும். இழப்பும் உண்டு: சிலிக்கன் அழுத்தத்தைப் போலவே சூட்டையும் உணரும். அதே சில்லின் மேல் படிய வைத்த தடைகளை ஒவ்வொன்றாக லேசரால் செதுக்கி, தொடக்கப் புள்ளியையும் சரிவையும் சூட்டின் விளைவையும் திருத்திய பிறகே அது காரில் பூட்டத் தகுதியானது. சென்சாரின் விலையில் பெரும்பங்கு இந்தத் திருத்தத்துக்குத்தான் போனது. ஃபோர்டு வேறு வழியில் சென்று, அழுத்தத்தை வோல்ட்டாக அல்லாமல் அதிர்வெண்ணாகத் தரும் சென்சாரைப் பயன்படுத்தியது. கடல்மட்டத்தில் எஞ்சின் நிற்கும்போது சுமார் 159 ஹெர்ட்ஸ்.

டர்போ, மின்னணு அழுத்த அளவீடு ஆகிய இரண்டு ஓடைகளும் கூடிய இடம் சுவீடன். சாப் நிறுவனத்தின் ஏபிசி கட்டுப்பாடு 1982 மாடல் 900 டர்போவில் வந்தது. சிலிண்டர் கட்டையில் நாக்கிங்கை உணரும் சென்சார், டாஷ்போர்டுக்கு அடியில் மேனிஃபோல்டோடு குழாயால் இணைத்த அழுத்த சென்சார், வேஸ்ட்கேட்டுக்குப் போகும் காற்றைத் திருப்பிவிடும் சோலினாய்டு வால்வு: இவ்வளவுதான் சாமான். பெட்ரோலின் தரத்துக்கு ஏற்பப் பூஸ்ட் தானாக ஏறி இறங்கியது. அமுக்க விகிதம் 8.5-க்கு உயர்ந்தது. டர்போ சக்கரத்தில் புரட்சி எதுவும் நடக்காமலேயே காரின் குணம் மாறியது. இங்கே வெற்றி நாக்கிங் சென்சாருக்குத்தானே, அழுத்த சென்சாருக்கு என்ன பங்கு என்று ஒருவர் மறுக்கலாம். நாக்கிங் சென்சார், தட்டல் தொடங்கிய பிறகே வாய் திறக்கும். எவ்வளவு அழுத்தம் இருந்தபோது தட்டியது, எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பதை வேறொன்றுதான் சொல்ல வேண்டும். (அதே காரின் முகப்பிலிருந்த பூஸ்ட் மீட்டரில் எண்களே கிடையாது, நிறங்கள் மட்டும். ஓட்டுநருக்கு எண் தேவையில்லை, கணினிக்குத் தேவை என்று சாப் நினைத்திருந்தால் அது சரியான நினைப்பு.)

என் வாதத்துக்கு எதிராக உள்ளவற்றில் வலுவானது இனிமேல்தான் வருகிறது. முழு அழுத்தத்தை மட்டும் நம்பினால் மலைமேல் டர்போ செத்துப்போகும். கணக்குப் பாருங்கள். கடல்மட்டத்தில் வெளிக்காற்று 100 கிலோபாஸ்கல், உள்ளே 150. காற்றை ஒன்றரை மடங்கு அமுக்கினால் போதும். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று 80. வில்லை மட்டும் நம்பும் வண்டியில் உள்ளே 130 வரும். திறன் குறையும், ஆனால் ஆபத்தில்லை. கணினி பிடிவாதமாக 150-ஐத் தேடினால், மடங்கு 1.87-க்கும் மேலே போகும். சக்கரம் வகுத்த வேகத்தைத் தாண்டிச் சுழலும், காற்றும் கூடுதலாகச் சூடாகும். பூர்தோனின் முட்டாள் வில் அறியாமலேயே சக்கரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது! இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இதற்குத் தீர்வு வெற்றிடப் பூஜ்ஜியத்தைக் கைவிடுவதல்ல. வெளிக்காற்றையும் அதே பூஜ்ஜியத்திலிருந்து தனியாக அளப்பது. இன்றைய டர்போ கார்களில் வளிமண்டல அழுத்தத்துக்கென ஒரு சென்சார் பெரும்பாலும் எஞ்சினின் கணினியான ஈசியு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இல்லாத வண்டிகள், சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுழலத் தொடங்கும் முன்பே மேனிஃபோல்டு சென்சாரைப் படித்து நினைவில் வைத்துக்கொள்கின்றன. இரண்டு முழு அழுத்தங்கள் தெரிந்தால் வேறுபாட்டையும் மடங்கையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். வேறுபாடு மட்டும் தெரிந்தால் முழு அழுத்தமும் தெரியாது, மடங்கும் தெரியாது. உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சூட்டுக்கம்பி மீட்டர் இருக்கும்போது அழுத்தம் எதற்கு என்பாரும் உண்டு. அந்த மீட்டர் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது; அதற்கும் சிலிண்டருக்கும் இடையே சக்கரம், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், நீண்ட குழாய்கள், ஒழுகக்கூடிய ரப்பர் இணைப்புகள்.

பூஜ்ஜியம் முடிவான பிறகே வீச்சு, அதாவது சென்சார் எதிலிருந்து எதுவரை அளக்கும் என்பது. பூஸ்ட் எவ்வளவு ஏறினாலும் தாங்கட்டும் என்று பெரிய வீச்சுள்ள சென்சாரை வாங்குவது ஆர்வலர்களின் வழக்கம். அதன் விலையை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். மோட்டோரோலா வெளியிட்ட எம்பிஎக்ஸ் 4250 வகை, 20 முதல் 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும். அதன் பிழை வீச்சில் 1.5 சதவீதம், அதாவது 3.45 கிலோபாஸ்கல். முழு பூஸ்ட்டில் 200 காட்டும்போது அது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஐடிலிங்கில் மேனிஃபோல்டில் 35 மட்டுமே இருக்கும்போது அதே 3.45 என்பது பத்து சதவீதம். தொழிற்சாலை தரும் சான்று வீச்சின் உச்சியை வைத்துப் பேசுகிறது; வண்டியோ வாழ்நாளின் பெரும்பகுதியை அடிவாரத்தில் கழிக்கிறது. வீச்சைக் கூட்டக் கூட்ட இந்தப் பிழை பெருகும். எட்டு பிட் கணினிகளின் காலத்தில் ஒரு படியே ஒரு கிலோபாஸ்கலை எட்டிவிடும். தேவைப்படும் உச்சத்துக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, அதற்கு மேல் ஆசைப்படாமல் இருப்பதே சரியான தேர்வு. இந்த வகை சென்சாரின் வெளியீடு, கொடுக்கும் ஐந்து வோல்ட்டின் விகிதமாகவே வரும். கணினியும் அதே ஐந்து வோல்ட்டை அளவுகோலாகக் கொண்டால் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் தானே கழிந்துவிடும். சென்சாருக்குத் தனி மின்சாரம் கொடுத்தால் இந்த நன்மை போய்விடும்.

எங்கே அளப்பது என்பதும் சிறிய விஷயம் அல்ல. ஃபார்முலா 1 பந்தயத்தில் 1987-இல் முழு அழுத்தம் 4 பார், 1988-இல் 2.5 பார் என்று, அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் பாப்-ஆஃப் வால்வால் வரம்பு கட்டினார்கள். அந்த வரம்புக்குள்ளேயே ஹோண்டா எஞ்சின் பூட்டிய மெக்லாரன் 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. அமெரிக்காவின் கார்ட் பந்தயத் தொடரிலும் இதே போன்ற வால்வு இருந்தது. வேகமாக ஓடும் காற்றில் நிலையழுத்தம் குறையும் என்ற பழைய பாடத்தைப் பயன்படுத்தி, வால்வுக்குக் கீழே மட்டும் அழுத்தம் தணியும்படி காற்றறையை வடிவமைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு 2001-இல் டெட்ராய்ட்டில் வெடித்தது. வால்வுக்கு அடியில் இடைத்துண்டு வைக்கும்படி உத்தரவும் வந்தது, ஹோண்டா அதை எதிர்த்து முறையிட்டது. வால்வு சரியாகத்தான் அளந்தது, அது நின்ற இடம்தான் எஞ்சினுக்குப் பிரதிநிதியாக இல்லை. சாலைக் காரிலும் திராட்டிலுக்கு முன்னால் உள்ள அழுத்தமும் பின்னால் உள்ள அழுத்தமும் வெவ்வேறு. பூஸ்ட் கட்டுப்பாட்டுக்கு முன்னது, பெட்ரோல் கணக்குக்குப் பின்னது.

வீட்டில் சென்சார் மாற்றுபவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் பூஜ்ஜியமே. எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பினால் மேனிஃபோல்டில் இருப்பது ஊர்க்காற்று. செலவில்லாத ஒரு திருத்தப் புள்ளி. ஆனால் வானிலை அறிக்கையில் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றி எழுதிய எண். 1,600 மீட்டர் உயரமுள்ள டென்வரில் அறிக்கை 101 கிலோபாஸ்கலை ஒட்டிச் சொல்லும். சென்சார் காட்ட வேண்டியது 83-ஐ ஒட்டி. அறிக்கையை நம்பி சென்சாரைத் 'திருத்தினால்' எல்லாக் கணக்கும் ஐந்தில் ஒரு பங்கு கெடும். ஆகவே ஊரின் உயரத்தைக் கொண்டு எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது நிலையத்தின் நேரடி அளவைத் தேடிப் பிடியுங்கள். ஒரு புள்ளியோடு நிறுத்தாமல், கைப்பம்பால் வெற்றிடத்தில் ஒன்று, சைக்கிள் பம்பால் பூஸ்ட்டில் ஒன்று என்று இன்னும் இரண்டு புள்ளிகளைச் சோதியுங்கள். சரிவு தவறா, தொடக்கம் தவறா என்பது அப்போதுதான் பிரியும். இது முடியும்வரை கணினியின் பெட்ரோல் அட்டவணையில் ஒரு எண்ணையும் தொட வேண்டாம்.